ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி

மேப்பம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தது மாமனார்தான். நகர அலுவலகத்தின் மேல்மாடியில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, ஊர் மேப்பில், அதாவது ஊர்ப்படத்தில், வீடு வீடாக ஆட்களுக்குப் புள்ளி வைப்பதுதான் மருமகளுக்கு உத்தியோகம் என்று தெரிந்த அன்று, "புள்ளி வைக்கிறதுக்குச் சம்பளமா? தெரியாத்தனமா ஆயுசு முழுக்கப் பள்ளம் தோண்டிட்டேனேம்மா" என்று சிரித்தார். அவர் தண்ணீர் அலுவலகத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபிறகும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வாய்க்கால் தெரு வீட்டிலேயே தனியாக இருந்தார். தெருவுக்கெல்லாம் ஃபிட்டர். பெற்ற பிள்ளைகளே கோபம் வந்தால், "ஃபிட்டர் என்ன சொன்னார்?" என்றுதான் கேட்பார்கள்.

வேலை பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. அவள் கையாளும் படம் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அடியில் வீடுகளின் எல்லைக் கோடுகள். அதன்மேல் நீலத்தில் தண்ணீர்க் குழாய்கள். அதற்கு மேலே ஆட்கள். பிள்ளைகள் பச்சை, சம்பாதிக்கிற வயதுக்காரர்கள் ஆரஞ்சு, வயதானவர்கள் ஊதா, எண்பதைத் தொட்டவர்கள் கருஞ்சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலே இன்னோர் அடுக்கு உண்டு. அதில் யாரும் கை வைக்க முடியாது. எந்த வீட்டுக்குள் ஒரு புள்ளியும் இல்லையோ அந்த வீட்டை அது தானாகவே சாம்பல் நிறமாக்கிவிடும். ஆளில்லா வீடு என்று அர்த்தம். ஒவ்வோர் அடுக்கின் பெயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் வரைந்திருக்கும். அதைத் தொட்டால் அடுக்கு மறையும், மறுபடி தொட்டால் வரும். மறைந்திருக்கும்போதும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஓர் ஆளுக்கு ஒரு புள்ளிதான். கணக்கெடுக்க வந்த பெண் ஒரு வீட்டில் எழுதியிருப்பாள், மகனோ மகளோ இணையத்தில் இன்னொரு வீட்டில் சேர்த்திருப்பார்கள். அப்போது இரண்டு புள்ளிகளையும் சுற்றி மஞ்சள் வளையம் விழும். அந்த ஆளுக்கு ஃபோன் போட்டு, "நீங்க எங்கே படுத்துத் தூங்குறீங்க?" என்று கேட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. அவள் வளையம் கழற்றினால் மறுபேச்சில்லை என்று சூப்பர்வைசரே சொல்லுவார்.

அப்படி ஒரு நாள் மஞ்சள் வளையத்துக்குள் மாமனார் வந்து நின்றார். ஒரு புள்ளி வாய்க்கால் தெருவில். இன்னொன்று மூத்த மகன் வீட்டில்.

மூத்தவன் வீட்டுத் தரகு பார்க்கிறவன், புரோக்கர் என்றால்தான் தெரியும். முன்கட்டில் அவன் குடும்பம் இருந்தது. பின்கட்டில் தகரம் போட்ட ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு சமையலறையும் தம்பிக்கு. தம்பி, அதாவது அவள் புருஷன், ரொட்டி பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவன். அந்த வேலையையும் அண்ணன்தான் சொல்லி வாங்கிக் கொடுத்தான். இரவெல்லாம் அடுப்பு, பகலெல்லாம் தூக்கம். காது மடலில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். பின்கட்டுச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. வெங்காயம் வதக்கினால் புகை போக வழியில்லாமல் அவள் புடவைக்குள்தான் புகும். வெயில் காலத்தில் அடுப்பு மேலேயா கீழேயா என்று சந்தேகம் வந்துவிடும்.

அன்று சாயங்காலம் பேக்கரியில் மிஞ்சிய ரொட்டியை முட்டையில் தோய்த்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். புரோக்கர் பின்கட்டுக்கு வந்தான். அவன் அந்தப் பக்கம் வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று கல்லில் கிடக்கும் ரொட்டிக்குக்கூடத் தெரியும்.

"அப்பா பேரு உன் கம்ப்யூட்டர்ல ரெண்டு இடத்துல வந்திருக்குமேம்மா?"

"வந்திருக்கு அத்தான். மாமாவுக்கு ஃபோன் பண்ணிக் கேக்கணும். அதான் முறை."

"கேட்டா என்ன சொல்வாருன்னு உனக்குத் தெரியாதா? பொணமானாலும் வாய்க்காலைத் தாண்ட மாட்டேன்னுவாரு. கேக்காத. நம்ம வீட்ல இருக்கறதை வெச்சுக்கோ."

"அங்கதானே அத்தான் இருக்காங்க."

"இருக்கட்டும். யாரு காலி பண்ணச் சொன்னா? புது அடுக்குமாடில வீடு ஒதுக்கறாங்க. வயசானவங்க இருக்கற குடும்பத்துக்கு மூணு ரூம், இல்லாட்டி ரெண்டு. மூணாவது ரூம் அப்பாவுக்குத்தான். ஜன்னலோரமா ஒரு கட்டில் போட்டு வெப்போம். நாளைக்கு முடியாமப் போச்சுன்னா எங்க வருவாரு?"

ஓர்ப்படி, அதாவது புரோக்கரின் மனைவி, வந்து கதவில் சாய்ந்து நின்றாள். "கட்டில் போடுவாரு, வந்து படுக்கணுமே அந்த மகராஜன். டிவி சத்தம் ஆகாது, என் சமையல் ஆகாது, நான் செருப்புப் போட்டு நடந்தாக்கூட ஆகாது."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றான் புரோக்கர். பிறகு குரலை இறக்கினான். "நாங்க அங்க போயிட்டா இந்த வீடு முழுக்க உங்களுக்குத்தாம்மா. முன்கட்டுச் சமையலறையைப் பாத்திருக்கல்ல? ரெண்டு ஜன்னல். நீயும் எத்தனை நாளைக்கு இந்தச் சூளைல வேகுவ?"

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். ஒரு பக்கம் கருகியிருந்தது.

புருஷனை எழுப்பிக் கேட்டாள். அவன் கண்ணைத் திறக்காமலே, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

"உங்க அப்பாங்க."

"அப்பா எங்க இருந்தா என்ன, புள்ளிதானே? ஆளையா தூக்கிட்டுப் போறோம்?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

மறுநாள் அவள் வாய்க்கால் தெருப் புள்ளியை அழித்தாள். காரணம் கேட்டு ஒரு கட்டம் திறந்தது. வழக்கமாக எழுதுகிற வாசகத்தைக் கை தானாகவே தட்டியது: தொலைபேசியில் உறுதி செய்யப்பட்டது. வளையம் கழன்றது. படம் ஒரு கணம் சுற்றி நின்றது. பிறகு அந்தச் சின்ன வீடு ஈரம் ஊறுகிற துணி மாதிரி ஓரத்திலிருந்து நிறம் மாறிச் சாம்பலாயிற்று.

அதை அவள் பார்த்தாள். சாம்பல் அடுக்கு தண்ணீர் அலுவலகத்துக்கும் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கதவைத் தட்டிப் பார்க்காமல் எதையும் மூட மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று முழுவதும் படத்தில் அந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம் உறுத்தியது. கடைசியில் சாம்பல் அடுக்கின் கண்ணைத் தொட்டு மூடிவிட்டு மற்ற வேலையைப் பார்த்தாள்.

அந்த வருஷ வெயில் யாரையும் விட்டுவைக்கவில்லை. ஏரி தரை தெரிய வற்றிவிட்டது. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்றுதான் ஊளையிட்டுக்கொண்டு வந்தது. இருக்கிற தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஆளில்லா வீடுகளின் இணைப்பைப் படத்தைப் பார்த்தே மூடச் சொல்லிவிட்டார்கள். கதவைத் தட்ட ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். வாசல் வால்வைத் திருகினார்கள், கம்பி கட்டி ஈய முத்திரை வைத்தார்கள், கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள், போய்விட்டார்கள். ஃபிட்டர் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார்.

இரண்டாம் நாள் அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மேல்மாடி ஏறி வந்தார். படியில் மூன்று இடத்தில் நின்று நின்று வந்திருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மேப்பம்மா, நான் இல்லையாமே."

அவள் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். குளிர்நீர் இயந்திரத்திலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். இன்னொன்று குடித்தார்.

"ஜில்லுனு இருக்கு. கீழ தண்ணி ஆபீஸ்ல எல்லாம் புதுப் பசங்க. ஒருத்தனுக்கும் என்னைத் தெரியல. உயிரோட வந்து நிக்கிறேன்டா, வீட்ல ஆள் இருக்குடான்னேன். கம்ப்யூட்டர்ல இல்லையே பெரியவரேங்கறான். செத்துட்டா சொல்றதுக்கு ஒரு ஜன்னல் வெச்சிருக்கான். உயிரோட இருக்கறதைச் சொல்ல எந்த ஜன்னல்னு கேட்டேன். மேல்மாடிக்குப் போங்க, அவங்க புள்ளி வெச்சா நாங்க அடுத்த நிமிஷம் தொறக்கறோம்னான். மேல்மாடில என் மருமகதான்டான்னு சொல்லிட்டு வந்தேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. "என் வீட்டைக் காட்டு, பாப்போம்."

அவர் கண்ணாடியைத் தேடி ஒரு பையில் துழாவினார், அடுத்த பையில் துழாவினார். அந்த நேரத்துக்குள் அவள் ஆட்கள் அடுக்கின் கண்ணைத் தொட்டு மூடினாள். ஊரில் இருந்த புள்ளிகள் எல்லாம் ஒரே நொடியில் மறைந்தன. வீட்டுக் கோடுகளும் நீலக் குழாய்களும் மட்டும் நின்றன.

ஃபிட்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். குழாய்க் கோட்டை விரலால் தடவிக்கொண்டே போய்த் தன் வீட்டைக் கண்டுபிடித்தார்.

"இதான். சரி, நான் எங்க?"

"படம் இன்னும் முழுசா வரல மாமா. லோடு ஆகுது."

"ஊர்லயே ஒருத்தரையும் காணோமேம்மா."

"ஆமா மாமா. கொஞ்ச நேரம் ஆகும்."

"அப்ப எனக்கு மட்டும் இல்லை" என்று அவர் ஆறுதலாக நாற்காலியில் சாய்ந்தார். "நான்கூட பயந்துட்டேன். வந்தா நான் என்ன நிறத்துல இருப்பேன்?"

"ஊதா. எண்பது ஆயிடுச்சுன்னா கருஞ்சிவப்பு. அப்ப மாசாமாசம் உங்களைப் பார்க்க ஒரு ஆள் வருவாங்க. நலமா இருக்கீங்களான்னு விசாரிப்பாங்க."

"அதுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. சரி, முயற்சி பண்ணிப் பாக்கறேன்" என்று சிரித்தார்.

"தண்ணிக்கு என்ன பண்றீங்க மாமா?"

"முனைல பொதுக்குழாய் இருக்கே. வெய்யில் உச்சிக்கு ஏறினப்புறம்தான் கூட்டம் குறையுது, அப்பப் போய்ப் புடிக்கறேன். ஒரு பக்கெட் தூக்கினா ஒரு தடவை உக்காரணும், அவ்வளவுதான்."

"நீங்கதான் ஃபிட்டராச்சே. அந்த முத்திரையை உடைச்சுத் தொறந்துக்கங்களேன்" என்றாள். அப்படி ஏதாவது நடந்து தன் கையை விட்டு இது போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கு இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நான் வெச்ச முத்திரையை உடைச்சவங்களை நானே புடிச்சுக் கொடுத்திருக்கேன். இப்ப நான் உடைச்சா நல்லாவா இருக்கும்? ஆனா ஒண்ணு. கதவைத் தட்டாம, உள்ள யாருன்னு கேக்காம ஒரு வீட்டுக்கும் நான் முத்திரை வெச்சதில்ல."

கொஞ்ச நேரம் காத்திருந்தார். படம் வரவில்லை. கொண்டுவந்த பாட்டிலில் ஜில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, "வந்ததும் என்னை மறந்துடாம வெச்சுவிடும்மா. ஒரு புள்ளிதானே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் காலடி படியில் தேய்ந்து மறையும்வரை அவள் ஆட்கள் அடுக்கின் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு திறந்தாள். எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்தார்கள். மாமனார் மூத்தவன் வீட்டில், பேரப்பிள்ளைகளின் பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஊதாவாக இருந்தார்.

சாயங்காலம் அவளே முன்கட்டுக்குப் போனாள். "அத்தான், மாமா புள்ளியைத் திருப்பி வெச்சுடறேன். தண்ணி இல்லாமக் கஷ்டப்படறாங்க."

புரோக்கர் கோபப்படவில்லை. பல் குத்திக்கொண்டே பேசினான். "தாராளமா வை. வெச்சா என்ன ஆகும்னு யோசிச்சியா? திரும்ப மஞ்சள் வளையம் விழும். ஏன் மாத்தினாங்கன்னு உன் சூப்பர்வைசர் பாப்பாரு. ஃபோன்ல கேட்டு உறுதி பண்ணேன்னுதானே எழுதியிருப்ப? அதை எழுதினது யாரு, நானா?"

அவள் வாசற்படி வரை போய்த் திரும்பி வந்தாள்.

"உன் வேலைக்காகத்தாம்மா சொல்றேன். வெள்ளிக்கிழமை வீடு ஒதுக்கற பட்டியலை மூடறாங்க. அதுக்கப்புறம் நீ அவரைக் கடல்ல கொண்டுபோய் வெச்சாலும் எனக்குச் சம்மதம்."

"அதுவரைக்கும் தண்ணிக்கு?"

"இங்க வரச் சொல்லேன், யாரு வேண்டாங்கறா?" என்றாள் ஓர்ப்படி. "பெரிய மனசு பண்ணி வந்தா டிவி சத்தத்தை அமத்திட்டுப் படம் மட்டும் பாக்கறேன். ரோஷத்தைக் குடிச்சுத் தாகம் தீர்த்துக்கறவருக்கு எதுக்குக் குழாய்?"

புருஷன் மட்டும் மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தான். அப்பா சந்தோஷப்பட்டார் என்றான். அடுத்த நாள் பேக்கரியில் ஒருவன் வரவில்லை, இவனுக்கு இரட்டை வேலை. அதற்கடுத்த நாளும் அப்படியே. அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து சுட்டியை வாய்க்கால் தெருவின் மேல் கொண்டுபோவாள், நிறுத்துவாள், திருப்பிக் கொண்டுவருவாள். வெள்ளிக்கிழமை தொலைவில் இல்லை என்று நினைத்துக்கொள்வாள். உச்சி வெயிலில் மட்டும் ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் முனையில் இருக்கிற டீக்கடைக்காரர் பேக்கரிக்கு ஃபோன் செய்தார். ஃபிட்டர் பக்கெட்டை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாராம். வழக்கமாக உட்காருகிறவர்தானே என்று யாரும் கவனிக்கவில்லையாம். வெகுநேரம் எழுந்திருக்கவில்லையே என்று போய்ப் பார்த்தால் கண் பாதி திறந்திருந்ததாம். பக்கெட்டில் தண்ணீர் தளும்பாமல் அப்படியே இருந்தது என்பதை டீக்கடைக்காரர் எல்லோரிடமும் மறக்காமல் சொன்னார்.

மகன்கள் இருவரும் அழுதார்கள். பெரியவன் சத்தமாக அழுதான். "மூணாவது ரூம் உங்களுக்குத்தானேப்பா வெச்சிருந்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதான். அது உண்மையாகவே இருக்கலாம். தம்பி உடம்பைத் துடைக்கத் தண்ணீர் தேடிக் குழாயைத் திருகினான். குழாய் காற்றைக்கூட விடவில்லை. அந்தப் பக்கெட்டுத் தண்ணீரையே எடுத்துத் துடைத்தார்கள்.

அவள் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். மாமனாரின் இறப்புப் பதிவு அவளுக்கு முன்னாலேயே திரைக்கு வந்து காத்திருந்தது. டீக்கடைக்காரர் சொன்ன முகவரியை வைத்து, வாய்க்கால் தெரு வீடு என்று பதிந்திருந்தார்கள். அந்த வீட்டில்தான் யாரும் இல்லையே. பொருந்தும் ஆள் கிடைக்கவில்லை என்று சிவப்பில் எழுதி, சரியான புள்ளியைக் காட்டச் சொல்லி மென்பொருள் அவளைக் கேட்டது.

சாம்பல் அடுக்கின் கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்த வீட்டில் திருத்துவதற்கு இப்போது ஒன்றும் இல்லை. படம் சரியாகத்தான் இருந்தது.

மூத்தவன் வீட்டுப் புள்ளியை மட்டும் அழிக்க வேண்டும். ஃபோன் அடித்தது. புரோக்கர்.

"அம்மா, பட்டியலை மூடிட்டாங்க, நம்ம பேரு வந்துடுச்சு. ஆனா சாவி கையில வர்றவரைக்கும் அதைத் தொடாத. கடைசி நேரத்துல ஆளைக் கணக்குப் பாப்பாங்களாம். போனவரு போயிட்டாரு. இருக்கறவங்க காரியம் கெடக்கூடாது."

"பதிவு என் மேசைல நிக்குது அத்தான்."

"நிக்கட்டும். நீ புள்ளியைக் காட்டலேன்னா தானா எங்கயும் போயிடாதுல்ல?"

போகாது. பொருந்தாத பதிவுகளுக்கு என்று ஓர் ஓரம் உண்டு, அங்கே ஒதுக்கி வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அவள் ஒதுக்கி வைத்தாள்.

சாவி வந்தது. முன்கட்டு காலியாயிற்று. புரோக்கர் சொன்ன சொல் தவறவில்லை. சமையலறையில் இரண்டு ஜன்னல். வெங்காயப் புகை நேராக வெளியே போயிற்று. புருஷன் பகலில் முன்னறையில் தூங்கினான். அப்பாவைப் பற்றி அவனும் பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை. சாவி வந்த பிறகு புள்ளியை அழிக்கலாம் என்றிருந்தாள். அப்புறம் அதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும், தேதி எழுத வேண்டும், ஏன் இத்தனை நாள் என்று ஒருவர் கேட்பார். குடும்பம் புது வீட்டுக்கு மாறியதும் படத்தில் புள்ளிகளும் சேர்ந்தே மாறின. வாய்க்காலைத் தாண்டாதவரின் ஊதாப் புள்ளியும் மேம்பாலத்தைத் தாண்டி, அடுக்குமாடியின் மூன்றாவது அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு காலை அவள் படத்தைத் திறந்தபோது அந்தப் புள்ளி கருஞ்சிவப்பாகியிருந்தது. ராத்திரியில் மென்பொருள் தானாகவே வயதைக் கூட்டியிருந்தது.

மத்தியானம் ஓர்ப்படி ஃபோன் செய்தாள். குரலில் சிரிப்பு இருந்தது.

"இன்னிக்கு ஒருத்தி பையும் குடையுமா வந்து நின்னாடி. பெரியவர் எப்படி இருக்காரு, பாக்கணும்னா. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம் உன் வேலைன்னு தெரிஞ்சுது."

"என்னக்கா சொன்னீங்க?"

"தூங்கறாருன்னேன். எழுப்பட்டுமான்னு வேற கேட்டா. வேண்டாம், எழுப்பினா கோவப்படுவாருன்னேன். பொய்யா சொன்னேன்?"

அவள் ஃபோனை வைத்தாள். சற்று நேரத்தில் விசாரிக்க வந்தவள் எழுதிய குறிப்பு திரைக்கு வந்தது. கருஞ்சிவப்புப் புள்ளியைச் சுற்றி மெல்லிய பச்சைக் கோடு ஒன்று, சரிபார்க்கச் சொல்லி மினுங்கிக்கொண்டிருந்தது.

முதியவர் நலம். உறங்குகிறார். குடும்பத்தார் நன்கு கவனித்துக்கொள்கின்றனர். வெயில் காலமாதலால் அவருக்கு அடிக்கடித் தண்ணீர் கொடுக்கும்படி சொல்லப்பட்டது.

அவள் இரண்டு முறை படித்தாள். குளிர்நீர் இயந்திரம் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. சரி என்ற கட்டத்தைத் தொட்டாள். மினுங்கல் நின்றது. புள்ளி அந்த அறையில், ஜன்னலோரமாக, அசையாமல் இருந்தது.